சிவப்புத் துணியில் ஓர் அரைஞாண்

1

இன்று காலை ஈப்போவில் அப்பாவுக்கு முதல் திவசம் கொடுத்தேன். ஊரில் இருந்திருந்தால் தென்காசிக்குப் போய்ச் சிற்றாற்றங்கரையில் கொடுத்திருப்பேன். இங்கே கிடைத்தது கிந்தா ஆறு. ஈயச் சுரங்கங்கள் கழுவி விடும் மண்ணெல்லாம் கலந்து, பால் அதிகம் விட்ட தேநீர் நிறத்தில் ஓடும். இதில் எள்ளும் தண்ணீரும் விட்டால் அது யாருக்குப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியாது. விட்டேன்.

திவசம் செய்து வைத்தவர் யாழ்ப்பாணத்துக் குருக்கள். அவர் பேசும் தமிழ் எனக்குப் பாதி புரியும், என்னுடையது அவருக்கு அதுவும் புரியாது. அப்பா பெயர், தாத்தா பெயர், பூட்டன் பெயர், அம்மா பெயர் எல்லாம் கேட்டு முடித்தார். கடைசியாக, "வேறை ஆருக்கும் சேர்த்து விடவேணுமோ?" என்றார்.

பக்கத்தில் என் மகள் வசந்தி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வயதைத் தாண்டிவிட்டாள். பள்ளிக்கூடத்து மன்றத்தில் அவளுக்கு ஏதோ ஒத்திகை. குருக்கள் தர்ப்பையைக் கையில் பிடித்தபடி என் முகத்தையே பார்த்தார்.

அவருக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அப்பா இருந்தவரை எழுத முடியவில்லை. பொட்டலம் மடிக்க வாங்கும் பழைய பத்திரிகையைக்கூட ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர் அவர். நான் எழுதியது அச்சில் வந்தால் எங்கள் ஊர்ச் சுரண்டைக் கடைத்தெரு முழுக்க வாசித்துக் காட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். அதனால் பேனாவை மூடி வைத்திருந்தேன்.

2

சுரண்டையில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. நாங்கள் இரண்டு பிள்ளைகள். அண்ணன் குமரேசன் என்னைவிட மூன்று வயது மூத்தவன். அவனுக்குக் கணக்கு வராது, கல்லாவில் உட்காரப் பிடிக்காது, தண்ணீரைக் கண்டால் மட்டும் உயிர். கிணற்றில் குதித்து மூழ்கினால், மேலே நிற்கிறவர்கள் பயந்துபோய் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்த பிறகுதான் தலையை நீட்டுவான். நீட்டிவிட்டுச் சிரிப்பான். எனக்கு அந்தச் சிரிப்பைக் கண்டால் எரிச்சலாக வரும்.

அவன் இடுப்பில் ஒரு வெள்ளி அரைஞாண் உண்டு. சின்ன வயதில் அம்மா செய்து போட்டது. தன் கால் மிஞ்சி ஒன்றை அழித்து, அதில் ஒரு சின்ன மீன் செய்யச் சொல்லிக் கோத்திருந்தாள். மாட்டுவதற்கும் கழற்றுவதற்கும் ஒரு திருகு. அண்ணன் வளர்ந்தான், அரைஞாண் வளரவில்லை. இடுப்பைக் கவ்விப் பிடித்துத் தழும்பே விழுந்துவிட்டது. திருகும் இறுகிப்போயிற்று. ஆசாரி குறடு போட்டுப் பிடித்தாலொழிய அசையாது. தான் செய்ததே உயிரை எடுக்கிறது என்று அம்மாவுக்குக் கவலை.

"ஆசாரி கடைக்கு வாலே. ரெண்டு கண்ணி சேத்துப் போட்டுத் தாரேன்."

"நாளைக்கு வாரேம்மா."

அந்த நாளை வரவே இல்லை.

அன்று சந்தை நாள். குற்றாலத்தில் சாரல் தொடங்கி, அருவியில் வெள்ளம் என்று பேச்சாக இருந்தது. மழை தூறும் வாடை கண்டும் அண்ணன் வெளியே அடுக்கியிருந்த வத்தல் மூட்டைகளை உள்ளே இழுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் கூட்டாளிகளோடு பேசிக்கொண்டு நின்றுவிட்டான். வத்தல் முழுக்க நனைந்தது. அப்பா செருப்பைக் கழற்றினார். சந்தைக்கு வந்த ஊர் ஜனம் எல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க, செருப்பால் அடித்தார்.

"இனி இந்த வாசப்படியை மிதிச்சே, நான் உன்னைப் பெத்தவன் இல்ல."

அண்ணன் தோளில் கிடந்த கடைத் துண்டை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு நடந்தான். தென்காசிப் பேருந்தில் ஏறியதை ஒருவர் பார்த்திருக்கிறார். குற்றாலத்தில் இறங்கியதை இன்னொருவர் பார்த்திருக்கிறார். அதற்குப் பிறகு அவனைப் பார்த்தவர்கள் இல்லை.

செங்கோட்டை வழியாகக் கொல்லம் ரயிலில் ஏறியிருப்பான் என்றார்கள். அந்தக் காலத்தில் வீட்டில் கோபித்துக்கொண்ட பையன்கள் எல்லோரும் அந்த ரயிலில்தான் ஏறுவார்கள். புனலூர் டீக்கடைகளில் கிளாஸ் கழுவியவர்களில் முக்கால்வாசி நம் பக்கத்துப் பிள்ளைகள்தான். அதனால் அது நம்பக்கூடிய பேச்சாகத்தான் இருந்தது.

3

அப்பா அதை நம்பவில்லை. கடையைத் திறக்கவில்லை. சோற்றில் கை வைத்தவர் பாதியில் எழுந்து, "நான் அடிச்சேன்லா, நான் அடிச்சேன்லா" என்று சொல்லிக்கொண்டே கொல்லைப்புறம் போவார். கிணற்று விளிம்பில் போய் நின்று உள்ளே பார்ப்பார். அம்மா தண்ணீர் எடுக்கிறவள் போலக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடுவாள். குடம் நிறைந்திருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுப்பாள். ஒருநாள் அவர் ஒரு காலை உள்ளே வைத்தேவிட்டார். அம்மாவும் நானும் வேட்டியைப் பிடித்து இழுத்துப் போட்டோம். ஒரு பிள்ளை போனான், புருஷனும் போய்விடுவார் என்ற பயத்திலேயே அம்மாவுக்கு அந்த வருஷம் கழிந்தது.

அடுத்த சாரலில், அருவித் தண்ணீர் தலையில் விழுந்தால் புத்தி தெளியும் என்று யாரோ சொல்ல, அப்பாவைக் குற்றாலத்துக்குக் கூட்டிப் போனாள். நானும் போனேன்.

இங்கே ஒரு மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். தென்காசியில் ரத வீதியில், சைக்கிள் கடை மாடியில் ஓர் இளைஞர் மன்றம் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் பழைய தீவிபத்தில் பிளந்துபோய் நிற்கும் பெரிய கோயில் கோபுரம் தெரியும். செயலாளர் சிதம்பரம் அண்ணாச்சி. நல்ல மனிதர், ஆனால் சும்மா இருக்கத் தெரியாதவர். "நாம செய்யுதது நாலு பேருக்குத் தெரியணும்லா" என்பது அவர் வாயில் எப்போதும் இருக்கும். மன்றத்துக்கு ஆள் சேர்க்கக் கண்காட்சி வைப்பதில் அவருக்கு ஒரு பைத்தியமே உண்டு. பேருந்து நிலையத்தில் களிமண்ணால் அணைக்கட்டு செய்து வைத்தார். அணை ஒழுகி, பக்கத்துக் கடைக்காரரின் வெற்றிலைக் கூடை நனைந்து சண்டையாயிற்று. கொசு எப்படி நோயைக் கொண்டுவருகிறது என்று பெரிய கொசுப் படம் வரைந்து வைத்தார். குழந்தைகள் அழுததுதான் மிச்சம். ஒரு பையனும் சேரவில்லை.

பிறகுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. கோடையில் அருவி நூலாக இளைத்துவிடும். அப்போது மன்றத்துப் பையன்களைக் கயிறு கட்டி, பேரருவியின் நடுவே இருக்கும் பொங்குமாங்கடலுக்குள் இறக்கினார். தண்ணீர் மேலிருந்து விழுந்து பொங்கி மறுபடி கீழே பாய்கிற ஆழமான பாறைக்குழி அது. வெள்ளம் உள்ளபோது எதையும் விழுங்கிவிடும். மேலே குளித்தவர்கள் தொலைத்ததெல்லாம் அதன் இடுக்குகளில் கிடந்தன. மோதிரம், மூக்குத்தி, கண்ணாடிச் சட்டம், பித்தளைச் சோப்புப் பெட்டி, யாருடையதோ பல்செட்டு. எல்லாவற்றையும் புளி போட்டுத் தேய்த்து, சாரல் தொடங்கியதும் அருவிக்குப் போகும் வழியில் ஓலைப்பந்தல் போட்டு மேஜைமேல் பரப்பினார். இந்தக் கூட்டத்துக்கு நாங்கள் பாதுகாவல் என்று காட்டினால் ஆள் சேரும் என்பது கணக்கு. வெறும் பொருளை யார் பார்ப்பார்கள் என்று ஒவ்வொன்றின் கீழும் அட்டையில் ஒரு கதையும் எழுதி வைத்தார்.

மங்குஸ்தான் விற்கிறவர்கள், எண்ணெய் தேய்த்துவிடுகிறவர்கள், குரங்குகள் எல்லாம் தாண்டி, நனைந்துகொண்டே அந்தப் பந்தலுக்குள் ஒதுங்கினோம். அம்மா மேஜையைப் பார்த்தபடி நடந்து வந்தாள். ஓர் இடத்தில் நின்றாள். கை நீண்டது. வெள்ளி மீனைத் தொட்டாள். பிறகு அரைஞாணை முழுதாக அள்ளி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள் விரல்கள் எதையோ தடவுவது எனக்குத் தெரிந்தது.

அப்பா அட்டையை வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, சத்தமாக.

"இதை அணிந்திருந்த இளைஞர்... வெள்ளத்தில் சிக்கியபோது... மன்றத் தொண்டர்களால் காப்பாற்றப்பட்டார்."

இரண்டாம் முறையும் வாசித்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார்.

"ஏட்டி, இது நம்ம குமரேசன்துல்லா?"

அம்மா தலையசைத்தாள். யாரோ கூப்பிட, சிதம்பரம் அண்ணாச்சி வந்தார். அப்பா அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எம் பிள்ளைய நீங்கதான் காப்பாத்துனீயளா?"

அண்ணாச்சி வாயைத் திறந்தார், மூடினார். அதற்குள் அம்மா பேசினாள்.

"சொல்லுங்க தம்பி. அவுக கேக்காகள்லா. இங்கன எழுதிப் போட்டிருக்கது நெசந்தானே?"

அவள் கெஞ்சுகிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.

"ஆமா ஆச்சி" என்றார் அண்ணாச்சி. "நெசந்தான்."

"இப்ப எங்கன இருக்கான்?"

"செங்கோட்டைக்கு வழி கேட்டான். ரயில்ல போறேன்னு சொன்னான்."

"இது எப்படி உங்ககிட்ட வந்துது?"

"வெள்ளத்துலருந்து இழுத்துத் தூக்கும்போது... கழண்டு கையோட வந்துட்டு."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அப்பா அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, ஊர் பார்க்க வாய்விட்டு அழுதார். அழுது முடித்து எழுந்துபோய் அருவியில் குளித்தார். அம்மாவையும் கூப்பிட்டார். அவள் வரவில்லை. மறுநாள் காலையில் அப்பா கடையைத் திறந்தார்.

4

இங்கே நான் செய்வது என்ன என்று ஊரிலிருந்து கேட்டு எழுதுகிறார்கள். அங்கே செய்ததைத்தான். காலையில் கடைப்பலகைகளை எடுத்து வைக்கிறேன், பொழுது சாய்ந்ததும் மாட்டுகிறேன். எதிரே சுண்ணாம்பு மலைகள் இருக்கின்றன. அவற்றிலிருந்து ஓர் அருவியும் விழுவதில்லை. பிற்பகலில் மழை வரும். கொட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று போய்விடும். சாரல் என்றால் என்ன என்று வசந்திக்குச் சொல்லிப் பார்த்தேன். "ஹுஜான்தானேப்பா" என்றாள். ஹுஜான் என்றால் மலாயில் மழை. இல்லை என்று விளக்கப் போய், எனக்கே சரியாகச் சொல்ல வரவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் குடியுரிமைக்கு மனுப் போட்டேன். அலுவலகத்துக்கு எத்தனையோ முறை நடந்த பிறகு, ஓர் அதிகாரி கூப்பிட்டு எதிரே உட்காரவைத்து மலாயில் கேள்வி கேட்டார். மொழி தெரிகிறதா என்று பார்க்கவும், ஆளை அறியவும் ஒரே கேள்வி. உடன்பிறந்தவர்கள் உண்டா? ஓர் அண்ணன். எங்கே இருக்கிறார்? தெரியாது. தெரியாது என்றால் எப்படி எழுதுவது, இறந்துவிட்டாரா?

மலாயில் இந்த மாதிரிக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல மாட்டார்கள். 'இன்னும் இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். கல்யாணம் ஆகிவிட்டதா, இன்னும் இல்லை. சாப்பிட்டாயா, இன்னும் இல்லை. இறந்துவிட்டாரா என்பதற்கும் அதே பதில்தான். சொன்னேன். அதிகாரி, "நல்ல மலாய் பேசுகிறீர்கள்" என்று பாராட்டினார். வெளியே வந்து சைக்கிளைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். ஏனென்றால் அண்ணன் செத்துப்போனது எனக்கு அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே தெரியும்.

5

அந்த அரைஞாண் மன்றத்துக்கு வாழ்வு கொடுத்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போங்கள் என்றுதான் அண்ணாச்சி மன்றாடினார். அப்பாதான் கேட்கவில்லை.

"இருக்கட்டும் தம்பி. நாலு பேரு பாக்கட்டும். உங்க சங்கம் வளரணும்லா."

"அப்படின்னா நானே தச்சுத் தாரேன்" என்றாள் அம்மா. சிவப்புத் துணி வாங்கி, அதில் அரைஞாணை வளைத்து வைத்து, மீன் மேலே தெரிகிற மாதிரியும் திருகு அடியில் போகிற மாதிரியும் நெருக்கமாகத் தைத்தாள். திருட்டுப் போகாமல் இருக்க என்றாள். சாரல் முடிந்ததும் வீட்டுக்கு வரும். அடுத்த சாரலுக்கு நூல் இற்றுப்போயிருக்கும். பிரித்து, துலக்கி, புதிதாகத் தைப்பாள். அந்த வேலையை வேறு யாரிடமும் விடமாட்டாள். ஒருமுறை ஊசி கோத்துத் தரப் போன என்னையும் போடா என்று விரட்டிவிட்டாள்.

அப்பா சாரல்தோறும் கடையை ஆளிடம் விட்டுவிட்டு அந்தப் பந்தலில் போய் உட்கார்ந்துவிடுவார். வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் கதை சொல்வார். வெள்ளம் எவ்வளவு, பிள்ளை எப்படிப் பாறையைப் பிடித்துத் தொங்கினான், தொண்டர்கள் எப்படிக் கயிறு வீசினார்கள் என்று ஆண்டுக்காண்டு கதை செழித்தது. கேட்டுக்கொண்டிருந்த பையன்கள் அங்கேயே பெயர் கொடுத்துச் சேர்ந்தார்கள். கீழப்பாவூரிலிருந்தும் வடகரையிலிருந்தும் வந்து சேர்ந்தார்கள். தாசில்தார் வந்து அரைஞாணைத் தொட்டுப் பார்த்தார். பெண்கள் தங்கள் பிள்ளைகளின் கையைப் பிடித்து அதைத் தொடவைத்தார்கள். அண்ணனைக் காப்பாற்றிய சங்கத்தில் தம்பி இல்லாமல் எப்படி என்று என்னையும் சேர்த்துவிட்டார் அப்பா. பந்தல்கால் நட்டதும் பெஞ்சு சுமந்ததும் நான்தான். அண்ணன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷத்தில் சுமந்தேன்.

அம்மா பந்தலில் பேசியதே இல்லை. யாராவது கேட்டால், "அவுககிட்ட கேளுங்க" என்று அப்பாவைக் காட்டுவாள். அருவியில் ஒருநாளும் குளிக்கவில்லை. மாதம் ஒருமுறை அப்பா சரக்கு வாங்குகிற சாக்கில் புனலூர் போய் டீக்கடை டீக்கடையாக விசாரிப்பார். அம்மா கட்டுச்சோறு கட்டிக் கூடவே போவாள். வரும்போது, "அடுத்த தடவை கொட்டாரக்கரை வரைக்கும் போய்ப் பாப்பம்" என்பார் அப்பா. "பாப்பம்" என்பாள்.

ஈப்போவில் மாமா கடைக்கு ஆள் வேண்டும் என்று எனக்கு அனுமதி வந்தது. கப்பலேறக் கிளம்பிய அன்று தென்காசி ஸ்டேஷனுக்குச் சிதம்பரம் அண்ணாச்சி வந்தார். என்னைத் தனியே தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூப்பிட்டுப் போனார். ஏதோ வாங்கிவரச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"நீ தூரமாப் போற. உங்கிட்டயாவது சொல்லிரணும் தம்பி. அந்த அரணாக்கொடி கழண்டு வரல. அது கெடந்த இடுக்குலதான் ஆளும் கெடந்தான்."

கையில் இருந்த பெட்டியைக் கீழே வைத்தேன்.

"எலும்புதான். யாரு எவருன்னு எங்களுக்குத் தெரியாது. போலீசுக்குச் சொன்னா மன்றத்தை மூடிருவாகன்னு பயந்தோம். மண்ணைத் தள்ளி, கல்லைப் பெரட்டி மூடி, சூடம் கொளுத்திக் கும்பிட்டுட்டு வந்தோம். அட்டையில சும்மா எழுதினதுதான். அன்னைக்கு இல்லைன்னு சொல்லத்தான் வாயெடுத்தேன். உங்கம்மா என்னைப் பாத்த பார்வையில முடியாமப் போச்சு."

குளிக்கப் போய் வழுக்கி விழுந்தானா, விழுவதற்கென்றே போனானா என்பதை அவரும் சொல்ல முடியாது, யாரும் சொல்ல முடியாது. ரயில் வந்தது. அம்மா ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டு, "அங்கன போயி அண்ணனைப் பத்தியும் விசாரிலே, கப்பல்ல கிப்பல்ல ஏறி வந்திருந்தாலும் வந்திருப்பான்" என்றாள். பக்கத்தில் அப்பா, "ஆமா, ஆமா" என்றார். நான் சரி என்றேன். அம்மாவிடம் இதைச் சொல்லிவிடக் கூடாது, சொன்னால் அவள் தாங்கமாட்டாள் என்ற ஒரே நினைப்போடு கடலைத் தாண்டினேன். பத்து வருஷம் ஒரு கடிதத்திலும் வாய் தவறவில்லை. அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமைகூட இருந்தது.

6

அம்மா சாரல் தொடங்குவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் போய்ச் சேர்ந்தாள். என்னால் போக முடியவில்லை. குடியுரிமை மனு பாதியில் நிற்கும்போது வெளியே போனால் திரும்பி வருவது சிக்கல் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அம்மாவுக்குக் கொள்ளி போடாத பிள்ளையாக இங்கே உட்கார்ந்து துவரம்பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தேன்.

விடுமுறைக்குப் போய்த் திரும்பிய கீழப்பாவூர்க்காரர் ஒருவர் சிவப்புத் துணிச் சுருளைக் கொண்டுவந்து கொடுத்தார். அம்மா கடைசி நாட்களில் அவர் கையில் தந்து, "சின்னவன்கிட்டயே இருக்கட்டும், அவுககிட்ட வேண்டாம்" என்றாளாம். அப்பா எங்காவது தொலைத்துவிடுவார் என்ற பயம் என்று எடுத்துக்கொண்டேன். அப்பாவிடமிருந்து உடனே கடிதம் வந்தது. சாரல் விழுந்துவிட்டது, பந்தல் போட்டாயிற்று, அரைஞாணை யாரிடமாவது கொடுத்துவிடு, அது இல்லாமல் கண்காட்சியே இல்லை.

அனுப்ப ஆள் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வசந்தியின் பள்ளியில் அவளுடைய மன்றத்துக்கு ஆள் சேர்க்கக் கண்காட்சி வைத்தார்கள். கடல் கடந்து வந்தாலும் சிதம்பரம் அண்ணாச்சிகள் குறைவதில்லை போலிருக்கிறது. ஆளுக்கொரு பழைய பொருள் கொண்டுவர வேண்டும். சீனப் பிள்ளைகள் ஜாடி கொண்டுவருகிறார்கள், மலாய்ப் பிள்ளைகள் கத்தி கொண்டுவருகிறார்கள், நம் வீட்டில் என்ன இருக்கிறது என்று ஒரே பிடிவாதம். என் மனைவி லெட்சுமி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். சிவப்புத் துணி சாயம் போய்க் கிடக்கிறதே, நீல அட்டையில் வைத்தால் எடுப்பாக இருக்குமே என்று நல்லெண்ணத்தில் தையலைப் பிரித்துவிட்டாள்.

கடையிலிருந்து சாப்பிட வந்தேன். மேஜைமேல் அரைஞாண் கிடந்தது. அண்ணன் போன பிறகு அதைத் துணி இல்லாமல், நிதானமாக, அன்றுதான் பார்த்தேன்.

எங்கும் அறுபடவில்லை. திருகு மூடியே இருந்தது.

கையில் எடுத்துத் திருகிப் பார்த்தேன். அசையவில்லை. அண்ணன் இடுப்பில் எப்படி இறுகிக் கிடந்ததோ அப்படியே இருந்தது. திருகைத் திறக்காமல், கண்ணியை அறுக்காமல், அது உயிருள்ள இடுப்பிலிருந்து வந்திருக்க முடியாது. ஆசாரி குறடு போடாமல் அதைத் திறக்க முடியாது என்று ஊரில் எல்லோரையும்விட நன்றாகத் தெரிந்தவள் அம்மா. பந்தலில் அவள் உள்ளங்கைக்குள் தடவிப் பார்த்தது இதைத்தான். பார்த்துத் தெரிந்துகொண்டுதான், "நெசந்தானே" என்று அந்த மனிதர் வாயை அடைத்திருக்கிறாள். தெரிந்துகொண்டுதான் சாரலுக்குச் சாரல் திருகை அடியில் வைத்துத் தைத்திருக்கிறாள், தன் பிள்ளை செத்த தண்ணீருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள், புனலூருக்குக் கட்டுச்சோறு கட்டியிருக்கிறாள். பெற்ற பிள்ளைக்காக ஒருநாள் வாய்விட்டு அழவில்லை. அழுதிருந்தால் அப்பா கிணற்றடிக்குப் போயிருப்பார். தான் போன பிறகு தைத்துக் கொடுக்க ஆளில்லை என்று, அதையும் கடல் தாண்டி அனுப்பிவிட்டாள். நான் அவளிடமிருந்து மறைத்துக் காப்பாற்றியதாகப் பெருமைப்பட்டதை நினைத்து எனக்கு வெட்கமாக இருந்தது.

சாப்பிடவில்லை. ஊசியும் நூலும் கேட்டு வாங்கி, அந்தச் சாயம் போன துணியை விரித்து, மீன் மேலே, திருகு அடியில் என்று தைக்க உட்கார்ந்தேன். எனக்குத் தையல் தெரியாது. விரலில் குத்திக்கொண்டு தைத்தேன்.

"ஏங்க, இப்பத்தானே பிரிச்சேன். எதுக்குத் திரும்பத் தைக்கிறீங்க?"

"அப்பா இன்னும் இருக்காக."

லெட்சுமிக்குப் புரியவில்லை. அன்று நான் விளக்கவும் இல்லை. வசந்தியைக் கூப்பிட்டுத் துணியைக் கையில் கொடுத்தேன். அட்டையில் என்ன எழுதுவது என்று கேட்டாள்.

"இதை அணிந்திருந்த இளைஞர் வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்டார். அப்படி எழுது. உன் பெரியப்பா."

"இப்ப எங்க இருக்காரு?"

"கேரளாவுல."

அழகான ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டு போனாள். அப்பாவுக்கு அன்றே கடிதம் போட்டேன். அரைஞாணை இங்கே பேத்தியின் கண்காட்சியில் வைத்திருக்கிறார்கள், எல்லா ஜாதிப் பிள்ளைகளும் வந்து பார்க்கிறார்கள், இப்போது திருப்பிக் கேட்க முடியாது. அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். அக்கரையிலும் குமரேசன் கதை தெரிந்துவிட்டது என்று பந்தலில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார். அரைஞாண் இல்லாமலே அந்தச் சாரலிலும் ஆள் சேர்ந்தார்களாம். அதற்கடுத்த சாரல் வருவதற்குள், கடையில் கல்லாவில் உட்கார்ந்தபடியே தலை சாய்ந்துவிட்டார்.

7

குருக்கள் மறுபடியும் கேட்டார். "வேறை ஆரும் இல்லையோ?"

"இருக்கு சாமி. குமரேசன். எங்கண்ணன்."

என் வாயால் அந்தப் பெயரை இறந்தவர்களோடு சேர்த்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. எந்த நாளில் இறந்தான், என்ன திதி என்று கேட்டார். தெரியாது என்றேன். பரவாயில்லை என்று எள்ளை என் கையில் போட்டார். அண்ணனுக்காகத் தண்ணீர் விட்டேன். சேற்று நிறத்து ஆறு அதை வாங்கிக்கொண்டு போயிற்று. அப்பா இருந்த ஊரில், அப்பா இருந்த உலகத்தில் இதைச் செய்ய முடியாமல் அம்மா எத்தனை அமாவாசைகளைப் பேசாமல் கழித்திருப்பாள் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. குருக்களுக்கு முன்னால் நன்றாகவே அழுதேன்.

எழுந்து வேட்டியைப் பிழிந்துகொண்டு கரையேறினோம். வசந்தி கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

"அப்பா, பெரியப்பாவைக் காப்பாத்திட்டாங்கன்னுதானே எழுதச் சொன்னீங்க. கேரளாவுல இருக்காருன்னும் சொன்னீங்க."

"ஆமா" என்றேன். "தாத்தா இருக்குற வரைக்கும் இருந்தாரு."